சேற்று நிலத்தில் எழுந்த ஆலை

பருத்தி ஆலை என்றால் பம்பாய்தான் என்று வணிகர்கள் உறுதியாக நம்பியிருந்த காலம் அது. 1874ஆம் ஆண்டு ஜாம்செட்ஜி டாட்டா 15 லட்சம் ரூபாய் முதலீட்டில் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, ஆலைக்குரிய இடமாகத் தொலைவிலுள்ள நாக்பூரைத் தேர்ந்தெடுத்தார். அங்கு அவர் வாங்கியதோ சேறு நிறைந்த தாழ்நிலம். பொன்னை மண்ணில் புதைக்கும் செயலுக்குக் கடன் தர இயலாது என்று உள்ளூர் வட்டிக்கடைக்காரர் ஒருவர் மறுத்துவிட்டாராம்.

ஜாம்செட்ஜி 1839ஆம் ஆண்டு மார்ச் 3ஆம் நாள் குஜராத்தின் நவசாரியில் பார்சி குருமார் குடும்பத்தில் பிறந்தவர். பம்பாய் எல்ஃபின்ஸ்டன் கல்லூரியில் பயின்று, தந்தையின் வணிகத்தில் சேர்ந்தார். 1869இல் நொடித்துப்போன எண்ணெய் ஆலை ஒன்றை வாங்கி, அதைப் பருத்தி ஆலையாக மாற்றி, ஈராண்டுகளில் இலாபத்துக்கு விற்றார். பின்னர் இங்கிலாந்தின் லங்காஷயருக்குச் சென்று ஆலைத் தொழிலை நேரில் கற்றார்.

நாக்பூரை அவர் விரும்பியதற்குக் காரணம் இருந்தது. பருத்தி விளையும் வயல்கள் அருகில் இருந்தன. இருப்புப்பாதை வந்து கூடியது. நீரும் எரிபொருளும் தட்டின்றிக் கிடைத்தன. பம்பாய்க்குப் பஞ்சைச் சுமந்து சென்று, துணியாக்கித் திரும்பக் கொண்டுவருவது வீண் என்பது அவரது கணக்கு. 1877 சனவரி 1ஆம் நாள், விக்டோரியா அரசியார் இந்தியாவின் பேரரசியாக அறிவிக்கப்பட்ட அதே நாளில், எம்ப்ரஸ் ஆலை திறக்கப்பட்டது.

அதன் மேலாளராக அவர் அமர்த்திய பெசோன்ஜி மேத்தா, ரயில்வே சரக்குப் பிரிவில் பணியாற்றியவர். நூற்புத் தொழிலை அறியாதவர். தொழில் தெரிந்தவரைத் தேடாமல், கற்கும் ஊக்கம் உடையவரைத் தேடிய துணிவு அது. அக்காலத்தில் அமெரிக்காவில் வளைய நூற்புக் கதிர் என்னும் புதிய கருவி வந்திருந்தது. பழைய கதிரைவிட விரைவாகச் சுழலும் அதனை ஏற்க லங்காஷயர் முதலாளிகளே தயங்கினர். ஜாம்செட்ஜியோ அத்தகைய எந்திரங்கள் இரண்டை வரவழைத்து, நாக்பூரில் ஓட்டிப் பார்க்கச் செய்தார். பயன் தெளிவானதும் ஆலையில் பழைய கதிர்களின் இடத்தைப் புதியவை பிடித்தன.

எந்திரத்தைவிடக் கடினமான சிக்கல் ஒன்று எஞ்சியது. தொழிலாளர் ஒழுங்காக வேலைக்கு வரவில்லை. திருவிழா, திருமணம், உறவினர் வருகை என்று நாள்தோறும் பலர் நின்றுவிட்டனர். கூலியைப் பிடித்துத் தண்டிப்பதே பிற ஆலைகளின் வழக்கம். வேலைக்கு வர மனம் கொள்ளாத இடத்தைத் திருத்தாமல் மனிதரைத் தண்டிப்பதில் ஜாம்செட்ஜி பொருள் காணவில்லை. ஆலைக்குள் காற்றோட்டத்துக்கும், வெப்பமும் பஞ்சுத்தூசியும் வாட்டாதபடி காற்றை ஈரப்படுத்தும் கருவிகளுக்கும் ஏற்பாடு செய்தார். தீப்பற்றினால் நீரைத் தெளிக்கும் குழாய்களையும் பொருத்தினார். 1886இல் ஓய்வூதிய நிதி தொடங்கியது. 1895 முதல் விபத்தில் காயமுற்றோருக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. சட்டம் எதுவும் இவற்றைக் கேட்கவில்லை என்பதை இங்குக் கருத வேண்டும். ஆண்டுதோறும் ஆலையை அலங்கரித்து விழா எடுத்து, சிறப்பாக உழைத்தவர்களுக்குக் கடிகாரம், சங்கிலி, பணம் ஆகியவற்றைப் பரிசளித்தனர். நாளடைவில் வருகை சீரடைந்தது. கடன் மறுத்த வட்டிக்கடைக்காரரும், மண்ணை இட்டுப் பொன்னை எடுத்தவர் ஜாம்செட்ஜி என்று பின்னாளில் ஒப்புக்கொண்டதாகச் சொல்வர்.

எஃகு ஆலை அமைக்கும் எண்ணம் அவரிடம் வளர்ந்தபோதும் முதலில் தோன்றியது தொழிலாளரின் ஊரே. 1902இல் மகன் தோராப்ஜிக்கு எழுதிய கடிதத்தில், அகன்ற தெருக்களும் நிழல்தரும் மரங்களும் விளையாட்டுத் திடல்களும் கோயில், மசூதி, தேவாலயங்களுக்கான இடமும் வேண்டும் என அறிவுறுத்தினார். ஆலை எங்கே அமையும் என்பதுகூட அப்போது முடிவாகவில்லை. 1904 மே 19ஆம் நாள் ஜெர்மனியில் அவர் காலமானார். 1912இல் அந்த எஃகு ஆலையில் முதல் எஃகு வார்க்கப்பட்டது. நாளொன்றுக்கு எட்டு மணி நேர வேலை என்னும் முறையும் அவ்வாண்டே அங்கு நடைமுறைக்கு வந்தது.