எல்லீசன்: நாற்பது வயதுக்குக் காத்திருந்தவர்

பந்தல்குடியிலிருந்து அருப்புக்கோட்டைக்குப் பேருந்தில் செல்வோர் ஒரே பயணத்தில் மூன்று மொழிகளைக் கேட்க இயலும். கரிசல் ஊர்களில் ஏறும் தெலுங்குக் குடும்பங்கள், நெசவாளர் தெருக்களுக்குத் திரும்பும் கன்னடம் பேசுவோர், இவ்விருவரிடமும் சில்லறை கேட்கும் நடத்துநரின் தமிழ். வீட்டில் கன்னடம் பேசும் மாணவி ஒருத்தி, பாலை ‘ஹாலு’ என்றும், பல்லை ‘ஹல்லு’ என்றும், புலியை ‘ஹுலி’ என்றும் தன் பாட்டி சொல்வதாக வகுப்பில் கூறிச் சிரித்தாள். இம்மூன்றிலும் தமிழின் பகரம் நின்ற இடத்திலேயே கன்னட ஹகரம் நிற்பதைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியதும் சிரிப்பு அடங்கியது. பழங்கன்னடத்தில் அதுவும் பகரமாகவே இருந்தது என்றேன். அப்படியானால் இம்மொழிகள் உறவு என்று முதலில் கண்டவர் யார் என்று அவள் கேட்டாள். கால்டுவெல் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். நான் மாணவியாயிருந்தபோது தேர்வில் எழுதிய விடை அது. முழு விடை அன்று.

கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் 1856இல் வெளிவந்தது. அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வுண்மையை நிறுவியவர் பிரான்சிஸ் வைட் எல்லிஸ். தமிழில் அவர் பெயர் எல்லீசன். அவர் மறைந்தது இராமநாதபுரத்தில். 1985இல் மாவட்டம் பிரியும்வரை அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் பந்தல்குடியும் இராமநாதபுர மாவட்டமாகவே இருந்தவை. ஆகவே அவர் கதையின் கடைசிப் பக்கம் நம் மண்ணுக்குரியது.

1777இல் பிறந்த எல்லிஸ், 1796இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராகச் சென்னைக்கு வந்தார். வருவாய்க் குழுவில் செயலர், மசூலிப்பட்டினத்தில் நீதிபதி, சுங்கத் தண்டலர் எனப் பதவிகள் ஏறி, 1810இல் சென்னைக் கலெக்டர் ஆனார். அக்காலக் கம்பெனி அதிகாரிகள் பலரது வாழ்க்கைக் குறிப்பும் இவ்வாறே செல்லும். அதில் தனிச்சிறப்பு ஒன்றுமில்லை. அவரை வேறுபடுத்தியது 1812இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தோன்றியபோது அதன் மேற்பார்வைக் குழுவிற்குத் தலைமை ஏற்றதே. சென்னைக் கல்விச் சங்கம் எனத் தமிழ்ப் புலவர் வழங்கியது இதனையே. இங்கிலாந்திலிருந்து வந்திறங்கும் இளம் அதிகாரிகளுக்கு நாட்டு மொழிகள் கற்பிப்பது அதன் நோக்கம். தமிழ், தெலுங்கு, கன்னடம், வடமொழி ஆகியவற்றில் வல்ல புலவர்கள் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்தனர். மொழிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் அன்று அவ்வளவு எளிதில் கிட்டியிராது.

தென்மொழிகள் யாவும் வடமொழியிலிருந்து பிறந்தன என்பதே அப்போது கற்றோர் கொள்கை. 1814இல் தெலுங்கு இலக்கணம் வெளியிட்ட வில்லியம் கேரியும் இக்கருத்தினரே. இதனை மறுத்து எல்லிஸ் எழுதிய ஆய்வு 1816இல், ஏ. டி. காம்பெல் இயற்றிய தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரையோடு ஒரு குறிப்பாக அச்சேறியது. ஐரோப்பாவில் பிரான்சு பாப் வடமொழி வினைத்திரிபுகளைக் கிரேக்கம், இலத்தீனோடு ஒப்பிட்டு நூல் வெளியிட்டதும் அதே 1816இல்தான். ஒப்பியல் மொழிநூலின் பிறப்பாண்டு என அதனைக் கொண்டாடுகிறோம். சென்னையில் அச்சான குறிப்பை மறந்துவிடுகிறோம்.

அக்குறிப்பு நடந்த முறை கவிஞர்கள் கருதத்தக்கது. ஒரு சொல் இரண்டு மொழிகளில் ஒத்திருப்பதாலேயே உறவு என்று எல்லிஸ் சொல்லிவிடவில்லை. சொற்கள் கடன் போகும், வரும், அவற்றை நம்பலாகாது. ஆகவே அவர் முதலில் வேர்களுக்குச் சென்றார். தெலுங்கு வினையடிகளை வரிசைப்படுத்தி வடமொழித் தாதுக்களின் பக்கத்தில் நிறுத்தினார், அவை பொருந்தவில்லை. அதே அடிகளைத் தமிழ், கன்னட அடிகளோடு நிறுத்தினார்; பொருந்தின. அடுத்துச் சொற்களை எடுத்தார். வடசொல், வடமொழி திரிந்த சொல், நாட்டுச்சொல் எனத் தெலுங்கு இலக்கணிகள் வகுத்த பாகுபாட்டை ஏற்று, நாட்டுச்சொல் என்ற வகை மூன்று மொழிகளுக்கும் பெரும்பாலும் பொது என்று காட்டினார். பிறகு வாக்கியங்களையும் மூன்று மொழிகளில் பெயர்த்து வைத்து, அமைப்பு ஒன்றாதலைக் கண்டார். மலையாளம், துளு, குடகு ஆகியவற்றையும் இக்குடும்பத்தில் சேர்த்தார். வடக்கே இராஜமகால் மலைமக்களின் மொழிவரை உறவைச் சுட்டினார்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பகரம் ஹகரமாவது போன்ற ஒலிமாற்ற விதிகளை எல்லிஸ் வகுத்துத் தரவில்லை. வேற்றுமை, எண், பதிலிடுபெயர், வினைத்திரிபு என இலக்கணம் முழுவதையும் பரப்பி ஒப்பிட்டதும், திராவிடம் என்ற பெயரை இக்குடும்பத்திற்கு நிலைபெறச் செய்ததும் கால்டுவெல்லின் உழைப்பு. எல்லிஸை அவர் மறைக்கவுமில்லை. முதலில் இத்துறையில் இறங்கியவர் எனத் தம் நூலில் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவ்வொப்பீடு மிகச் சுருக்கமானது, சொற்களளவில் நின்றது என்றார். மறந்தவர்கள் பாடநூல் எழுதிய நாம்.

அதைவிடப் பெரிய மறதியும் உண்டு. தெலுங்கு வேர்ப் பட்டியலைத் தொகுத்தவர் கல்லூரியின் தலைமைப் புலவர் பட்டாபிராம சாஸ்திரி. சொல்வகைப் பாகுபாட்டிற்கு எல்லிஸ் பயன்கொண்டது மாமிடி வெங்கய்யாவின் ‘ஆந்திர தீபிகை’ முன்னுரை. அவரோடு உழைத்த மற்றொருவர் சங்கரய்யா. தாதுவைப் பிரித்தெடுக்கும் கலை பாணினி வழிவந்த நம் இலக்கண மரபின் சொத்து. ஐரோப்பியரின் குடும்பமரக் கொள்கையும் இம்மரபும் சென்னையில் சந்தித்தமையாலேயே இச்சான்று பிறந்தது என்பது, 2006இல் எல்லிஸைப் பற்றி விரிவாக நூல் எழுதிய தாமஸ் டிரவுட்மனின் முடிபு. எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது.

தமிழ் அவருக்கு அலுவல் மொழியாக மட்டும் இருக்கவில்லை. வீரமாமுனிவரின் சுவடிகளைத் தேடிவர 1816இல் முத்துசாமிப் பிள்ளையைத் தென்னாட்டுக்கு அனுப்பினார். திருக்குறளில் 120 குறட்பாக்களை ஆங்கிலமாக்கி, தமிழிலக்கியம் முழுவதிலிருந்தும் மேற்கோள் காட்டி விளக்கவுரை எழுதினார். 1818இல் சென்னையில் குடிநீர்ப் பஞ்சம் நேர்ந்தபோது கிணறுகள் தோண்டுவித்து, இராயப்பேட்டைக் கிணற்றுக் கல்லில் நீர்வளம் பற்றிய குறளையே பொறிக்கச் செய்தார். வள்ளுவர் உருவமுள்ள பொற்காசு ஒன்றும் அவர் வெளியிட்டதே என ஐராவதம் மகாதேவன் கருதினார்.

நாற்பது வயது ஆகும்வரை கற்பதே தொழில், நூல் வெளியிடுவது அதன் பின்னரே என்று எல்லிஸ் உறுதி பூண்டிருந்தாராம். முதற் கவிதைத் தொகுதிக்கு விரையும் நம்முள் எவருக்கும் இவ்வுறுதி வியப்பளிக்கும். நான் அதனை முழுதும் போற்றமாட்டேன். நாற்பதைக் கடந்து இரண்டாண்டு செல்லுமுன், 1819 மார்ச்சில், தென்னாட்டுப் பயணத்தில் இராமநாதபுரத்தில் இறந்தார். வாந்திபேதி என்று ஒரு சாராரும், தவறுதலாக உட்கொண்ட நஞ்சு என்று மற்றொரு சாராரும் எழுதினர். உடைமைகள் ஏலம் போயின. சேர்த்து வைத்த தாள்கள் மதுரைக் கலெக்டர் மாளிகையில் கிடந்து, சமையற்காரர் அடுப்பு மூட்டவும் கோழி வாட்டவும் மாதக்கணக்கில் பயன்பட்டன என்பது பின்னாளில் வால்டர் எலியட் தந்த செய்தி. எழுத எண்ணிய தமிழாய்வில் எவ்வளவு அதில் எரிந்தது என்று எவரும் கணக்கிட இயலாது.

எஞ்சியவற்றை எலியட் திரட்டி ஜி. யு. போப்பிடம் கொடுக்க, அவை ஆக்ஸ்போர்டு பாட்லியன் நூலகம் சேர்ந்தன. குறள் விளக்கத்தை 1955இல் ரா. பி. சேதுப்பிள்ளையைப் பதிப்பாசிரியராகக் கொண்டு சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. இராயப்பேட்டைக் கிணற்றுக் கல் மதுரைத் திருமலை நாயக்கர் மகால் அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. நாம் அவ்வப்போது மதுரை செல்பவர்கள்தாம்; எல்லீசன் என்ற பெயரை அக்கல்லில் தமிழெழுத்திலேயே படிக்கலாம்.