பாசறையில் துயிலா வேந்தன்

பொதியமலையில் தோன்றும் பொருநையாறு கடலோடு கலந்த இடத்தில் பண்டு கொற்கைத் துறைமுகம் சிறந்திருந்தது. இன்று தாமிரபரணி என வழங்கப்பெறும் ஆறே பொருநை. முத்துக்குப் பெயர்பெற்ற அத்துறைக்கும் மதுரைக்கும் உரியவனாய் விளங்கியவன் பாண்டியன் நெடுஞ்செழியன். கோவலன் வழக்கில் முறைதவறி உயிர்துறந்த நெடுஞ்செழியன் வேறு. இவன் தலையாலங்கானத்துப் போரில் வென்றவன்.

இளமையிலேயே அரியணை ஏறிய இவனை எளியவன் என எண்ணிய சேரனும் சோழனும், திதியன், எழினி, எருமையூரன், இருங்கோவேண்மான், பொருநன் ஆகிய ஐவரும் ஒன்றுகூடி எதிர்த்தனர். இவர்களுள் திதியன் பொதியமலைக்கு உரியவன் என்பர் அறிஞர். அவ்வாறாயின், பொருநையின் தலைப்பகுதியும் கடைப்பகுதியும் ஒன்றையொன்று எதிர்த்து நின்ற போர் இது எனலாம். நெடுஞ்செழியன் உரைத்த வஞ்சினம் புறநானூற்றின் 72ஆம் பாடலாக உள்ளது. பகைவரை வெல்லாவிடில் குடிமக்கள் தன்னைக் கொடியவன் எனத் தூற்றட்டும்; மாங்குடி மருதன் முதலிய புலவர்கள் தன் நாட்டைப் பாடாது ஒழியட்டும்; இரப்போர்க்கு ஈய இயலாத வறுமை தன்னை வந்தடையட்டும் என்கிறான். இறப்பைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை.

அவன் வென்றான். ஆயினும், அந்த இளைஞன் பகைவரைக் கண்டு வியக்கவுமில்லை, வென்றபின் மகிழவுமில்லை, தன்னை உயர்த்திப் பேசவுமில்லை எனப் பாடினார் இடைக்குன்றூர் கிழார். அதே போர்க்களத்தைக் குடபுலவியனார் வேறு கோணத்தில் கண்டார். மறக்குடி மகளிர் அழுததைக் கண்டு கூற்றுவனும் நாணி இரங்கினான் என்றார்.

நக்கீரர் இயற்றிய நெடுநல்வாடை 188 அடிகளை உடையது. அதன் இறுதிப்பகுதி பாசறையைக் காட்டுகிறது. நள்ளிரவு, தூறலுடன் வாடை வீசுகிறது, விளக்கின் சுடர்கள் தெற்கே சாய்கின்றன. களிறுகளை வீழ்த்திப் புண்பட்ட வீரரைக் காண அரசன் வெளியே வருகிறான். வேம்பு சூட்டிய வேலை ஏந்தியவன் முன்னே சென்று ஒவ்வொருவராகக் காட்டுகிறான். சேணம் களையப்படாத குதிரைகள் சேற்றுத் தெருவில் மழைத்துளிகளை உதறுகின்றன. நழுவும் மேலாடையை ஒரு கையால் தழுவி, மறு கையை வாள் தாங்கிய இளைஞன் தோள்மேல் வைத்து, முகமலர்ச்சியோடு அவன் நடக்கிறான். மேலே பிடித்த வெண்குடையில் முத்துச்சரங்கள் தொங்குகின்றன. கொற்கைக்கு உரியவனின் குடை அல்லவா! உடன் வருவோர் சிலரே. அரண்மனையில் அரசியும் உறங்கவில்லை. போர் விரைவில் முடிய வேண்டும் என்பதே அங்கு எழும் வேண்டுதல்.

பாட்டில் வேந்தன் பெயர் இல்லை. பாண்டியர்க்குரிய வேம்பைக் கொண்டே உரையாசிரியர் அவனை நெடுஞ்செழியன் எனத் தெளிந்தனர். அந்த ஒரு பூவினாலேயே நெடுநல்வாடை அகமா, புறமா என்னும் வினாவும் எழுந்தது.

வஞ்சினத்தில் அவன் பெயர் குறித்த மாங்குடி மருதனார் 782 அடிகளில் மதுரைக்காஞ்சி பாடினார். சங்கரன்கோவில் பகுதியிலுள்ள மாங்குடியே அவருடைய ஊர் எனக் கருதப்படுகிறது. அரசனின் வெற்றியைப் புகழ்ந்தவரே, அவன் அழித்த நாட்டில் கரிந்த நெற்குதிர்களில் கூகைகள் குழறுவதைப் பாடினார். மண்ணாண்டு மறைந்த மன்னர் கடல்மணலினும் பலர் என அவனிடமே எடுத்துரைத்தார்.

குடபுலவியனார் அவனிடம் கேட்டது நீர்நிலை. பள்ளமான இடங்களில் நீரைத் தேக்குமாறு அவர் பாடிய பாடல், புறநானூற்றில் போர்க்களப் பாடலுக்கு முன்னதாக, 18ஆம் பாடலாக அமைந்துள்ளது.