மதங்க சூளாமணி தந்த மாமுனிவர்

மட்டக்களப்பு வாவியின் தென்பால், கீழ்க்கடலோரத்துக் காரைதீவில் 1892ஆம் ஆண்டு சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகனாகப் பிறந்த மயில்வாகனனாரே, பின்னாளில் விபுலாநந்த அடிகளார் எனத் தமிழுலகம் போற்றும் பெருமகனாராயினார். யாழ் நூலாசிரியர் என்று அவரை அறியாதார் இலர். ஆயின், நாடகத் தமிழுக்கு அவர் ஆற்றிய பணியை நினைப்பார் சிலரே. அதனை எடுத்துரைப்பதே என் நோக்கம்.

மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிற் பயின்ற அவர், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்துப் பண்டிதர் தேர்வில் தேறினார். இலண்டன் பல்கலைக்கழகத்து விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். யாழ்ப்பாணத்தில் இரசாயனம் கற்பித்தார். 1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். பதவியும் மதிப்பும் ஒருங்கே வாய்த்த அவ்வேளையில், அவற்றை விடுத்து 1922இல் சென்னை இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924இல் துறவு பூண்டார்.

துறவு பூண்ட இரண்டாம் ஆண்டிலேயே, 1926இல், அவருடைய நாடக நூல் வெளிவந்தது என்பது வியப்பன்றோ! மதங்கர் என்போர் கூத்தர். அவருள் முடிமணி போன்றவர் சேக்ஸ்பியர் என்பதே மதங்க சூளாமணி என்னும் பெயரின் கருத்து. அப்புலவரைச் செகசிற்பியார் எனத் தமிழ்ப்படுத்தி, அவருடைய பன்னிரு நாடகங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டார் அடிகளார். சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் கண்ட உரையிலிருந்து நாடக இலக்கணத்தைத் திரட்டினார்; தனஞ்சயனாரின் தசரூபகக் கருத்துகளையும் தமிழில் வழங்கினார்.

இந்நூலின் பயனை ஏட்டில் மட்டுமன்றி அரங்கிலும் யான் கண்டதுண்டு. வாவிக்கரையிலுள்ள ஒரு மகளிர் பாடசாலையில் யான் பயின்ற நாளில், வெனிஸ் வணிகன் நாடகத்தை ஆடினோம். ஆண் வேடங்களையும் பெண்களே தாங்கினோம். எனக்கு வாய்த்தது லான்சலட் என்னும் கோமாளிப் பணியாளன் வேடம். செகசிற்பியார் காலத்து இங்கிலாந்தில் பெண்கள் மேடையேறும் வழக்கமில்லை. சிறுவரே பெண்வேடம் பூண்டனர். எங்கள் நாட்டுக்கூத்துக் களரியிலும் மரபுப்படி அரசியாக ஆடியவர் ஆடவரே. அவ்வழக்கை நாங்கள் தலைகீழாக்கினோம்.

பெண்ணொருத்தி மீசை வரைந்து வந்தாலே அவை சிரித்துவிடும் என்றனர் தோழியர் சிலர். ஏவலாளன் வேடம் இழிவானது என்றனர் வேறு சிலர். தொல்காப்பியரோ எண்வகை மெய்ப்பாட்டினுள் நகையை முதற்கண் வைத்தார். மெய்ப்பாடு உள்ளத்தில் தோன்றி உடலில் வெளிப்படுவது, மீசையில் பிறப்பதன்று. தமிழ் மரபையும் செகசிற்பியாரையும் அடிகளார் ஒருங்கு வைத்து நோக்கியமையால் இவ்வுண்மை எனக்கு விளங்கிற்று. பழைய தலைவனிடம் பசித்துக் கிடக்கும் லான்சலட், விட்டு நீங்குவதா நிற்பதா எனத் தன் மனச்சான்றோடு வழக்காடுகின்றான். அப்பசியையும் தடுமாற்றத்தையும் மெய்யெனக் கொண்டு நடித்தபோதுதான் அவை சிரித்தது. பார்வையற்ற தந்தையை ஏய்த்து விளையாடிய அவனே, அவர்முன் மண்டியிட்டு ஆசி வேண்டியபோது சிரிப்பினூடே ஓர் இரக்கமும் பிறந்தது. ஏவலாளன் வேடம் சிறிதன்று. கூத்திலும் கட்டியக்காரன் வந்து வரவுரைத்த பின்னரன்றோ மன்னன் கொலுவுக்கு வருகின்றான்!

அடிகளாரும் பணிபுரிதலை இழிவெனக் கருதினாரல்லர். 1929இல் கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931 முதல் 1933 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராய் விளங்கிய காலத்தில், அயலிலுள்ள திருவேட்களத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் சிறார்க்கும் கல்வி புகட்டினார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். 1947 ஜூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரில் யாழ் நூல் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகளார் மறைந்தார். கல்லடி உப்போடையில், தாம் வளர்த்த வித்தியாலயத்தின் வளாகத்திலேயே அவர் திருவுடல் அடக்கம் செய்யப்பெற்றது.

யாழ் நூலைப் போற்றும் நாம் மதங்க சூளாமணியை மூடி வைத்தல் முறையாகுமா? பாடசாலைகளில் நாடகம் பழக்கும் ஆசிரியர்கள் அதனை ஒருமுறையேனும் விரித்துப் பார்ப்பாராக. வேடம் ஆணினதா பெண்ணினதா, அரசனதா ஏவலனதா என்று எண்ணித் தயங்கும் மாணவர்க்கு, உள்ளத்து உணர்வே நடிப்பின் உயிர் என்பதை உணர்த்த அந்நூல் துணைசெய்யும்.