பட்டம் துறந்த நீதியரசர் சுப்பிரமணிய ஐயர்

இல்லறத்தார்க்குரிய அணுவிரதங்கள் ஐந்தனுள் இறுதியானது மிகுபொருள் விரும்பாமை. நிலம், பொன், தானியம் முதலியவற்றுக்கு வரையறை செய்துகொண்டால் இவ்விரதம் நிறைவேறியதாக நாம் எண்ணுகிறோம். ஆயின், மானம் எனப்படும் செருக்கையும் அகப்பற்றுப் பதினான்கனுள் ஒன்றாக நம் ஆசாரியர்கள் வைத்துள்ளனர். நிலத்தை விடுவதினும் புகழை விடுவது அரிது. அவ்வரிய செயலைச் செய்துகாட்டிய பெரியார் ஒருவரின் வரலாற்றை இங்குக் காண்போம். அன்னார் நம் சமயத்தவர் அல்லர். எனினும் நற்பண்பு எங்கிருப்பினும் போற்றுவது நம் கடன்.

மணி ஐயர் என்று மக்கள் அன்புடன் அழைத்த எஸ். சுப்பிரமணிய ஐயர், சமணக் குன்றுகள் சூழ்ந்த மதுரையில் 1842-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே தந்தையை இழந்தார். உள்ளூர்ப் பள்ளிகளில் பயின்று, அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றியவாறே சட்டம் கற்று, 1868-இல் பி.எல். பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டு மதுரையில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். நகரசபைப் பணியிலும் ஈடுபட்டார்.

தென்காசியை அடுத்த கீழப்பாவூர் போன்ற சிற்றூர்களின் நில வழக்குகளும் மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றத்தையே அடைய வேண்டியிருந்த காலம் அது. அம்மன்றத்தில் இந்தியர் உயர்நிலை எய்துவது எளிதன்று. எனினும் ஐயர் சென்னைக்குச் சென்று, தம் அறிவாற்றலால் விரைவில் முன்னணிக்கு வந்தார். 1884-இல் சென்னைச் சட்டமன்றத்தின் உறுப்பினராக நியமிக்கப்பெற்றார். 1885-இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மகாசபையில் கலந்துகொண்டார். 1888-இல் அரசாங்க வழக்கறிஞரானார். அப்பதவியைச் சென்னையில் வகித்த முதல் இந்தியர் அவரே.

நீதியரசர் முத்துசாமி ஐயர் 1895-இல் மறைந்தபின் அவ்விடத்தில் அமர்ந்த ஐயர், பன்னிரண்டு ஆண்டுகள் நீதி வழங்கினார். மும்முறை தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் விளங்கினார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக 1904-இல் அமர்ந்த முதல் இந்தியரும் அவரே. திவான் பகதூர் பட்டமும், 1900-இல் சர் பட்டமும் அவரை அடைந்தன. கண்பார்வை குன்றியதால் 1907-இல் பதவியினின்று விலகினார். பின்னரும் ஓய்ந்திருக்கவில்லை, ஆலயங்களின் அறநிலைச் சொத்துகள் பாழாகாது காக்கும் தர்ம ரக்ஷண சபைக்குத் துணை நின்றார். ஜினாலயச் சொத்துகளைக் காக்கும் கவலையுடைய நமக்கு இதன் அருமை நன்கு விளங்கும்.

1916-இல் அன்னி பெசன்ட் அம்மையார் ஹோம் ரூல் இயக்கத்தைத் தொடங்கியபோது அதன் கௌரவத் தலைமையை ஐயர் ஏற்றார். 1917 ஜூன் மாதம் அம்மையார் காவலில் வைக்கப்பெற்றார். அம்மாதம் 24-ஆம் நாள் ஐயர், இந்தியாவின் நிலையை விளக்கி, தன்னாட்சி பெற உதவுமாறு அமெரிக்கக் குடியரசுத் தலைவர் வில்சனுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஹாட்ச்னர் தம்பதியர் அதனை அமெரிக்காவுக்கு எடுத்துச் சென்றனர்.

ஆங்கில அரசு சினங்கொண்டது. இந்திய மந்திரி மாண்டேகு 1918-இல் பாராளுமன்றத்தில் அக்கடிதத்தைக் கடுமொழிகளால் இகழ்ந்தார். எழுபத்தைந்து வயதைக் கடந்து, பார்வையும் மங்கியிருந்த ஐயர் வருத்தம் தெரிவித்து ஒதுங்கியிருக்கலாம். அவரோ தாம் எழுதியதில் உறுதியாக நின்று, சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் அரசுக்கே திருப்பி அளித்தார். ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின் 1919-இல் தாகூர் சர் பட்டத்தைத் துறந்ததை நாடறியும்; அதற்கு ஓராண்டு முன்னரே தமிழகத்து முதியவர் ஒருவர் இதனைச் செய்துவிட்டார்.

1924 டிசம்பர் 5-ஆம் நாள் ஐயர் காலமானார். பட்டங்களை இழந்ததால் அவர் பெருமை சிறிதும் குன்றவில்லை.

நம் விழாக்களிலும் பட்டங்களும் பொன்னாடைகளும் பெருகிவருகின்றன. தொண்டுக்கு மதிப்பளிப்பது தவறன்று. ஆயின் மதிப்பை நாடித் தொண்டு செய்வது மானக் கஷாயத்தை வளர்க்கும். பரிக்கிரக அளவு விரதம் ஏற்கும் சிராவகர்கள் பொன்னுக்கும் நிலத்துக்கும் எல்லை வகுக்கும்போதே புகழாசைக்கும் ஓர் எல்லை வகுப்பாராக. வேண்டும்போது விட்டுவிடக் கூடிய பெருமையே நம்மைப் பிணிக்காத பெருமை.