தராசில் அமர்ந்து உண்டவர்

சென்ற ஆண்டு வைத்தியர் என் நிறையைக் குறைக்குமாறு பணித்தார். சலரோகம் தொடங்கிவிட்டது, ஆறு கிலோவாவது இறங்கினாலன்றி மருந்து ஏறிக்கொண்டே போகும் என்றார். இந்நோயினால் ஒரு காலை இழந்தவர் என் தந்தையார். ஆதலின் எனக்கு மறுத்துப் பேச நாவெழவில்லை. குளியலறையில் வைத்து நிறுக்கும் கருவியொன்றை வாங்கினேன். சோற்றைப் பாதியாக்கினேன், சீனியை விட்டேன், மாலைதோறும் நடந்தேன். பதினேழாம் நாட்காலை அக்கருவி முன்னைய நாளிலும் ஒரு கிலோ கூடுதலாகக் காட்டிற்று. வந்த ஆத்திரத்திற் கருவியைச் சுவரோரம் சாத்திவிட்டு, அன்று மத்தியானம் வயிறார உண்டேன் என்பதை மறைப்பதிற் பயனில்லை.

அந்த நாட்களிலேதான், முன்னொரு காலத்திற் படித்து மறந்திருந்த ஓர் இத்தாலிய வைத்தியரின் வரலாறு நினைவுக்கு வந்தது. சந்தோரியோ சந்தோரியோ என இருமுறை சொல்லவேண்டிய பெயர் அவருடையது. இயற்பெயரும் குடிப்பெயரும் ஒன்றே. 1561 ஆம் ஆண்டு கப்போதிஸ்திரியா என்னும் துறைமுகப்பட்டினத்திற் பிறந்தார். இன்று அது கோப்பர் என்ற பெயருடன் ஸ்லோவேனியா நாட்டில் இருக்கிறது. அன்று வெனிஸ் குடியரசுக்கு உட்பட்டிருந்தது. பாதுவா சர்வகலாசாலையிற் பயின்று 1582 இல் வைத்தியப் பட்டம் பெற்றார். பின்னர் வெனிஸ் நகரிலே தொழில் நடத்தியபோது கலிலியோ, பாவோலோ சார்ப்பி முதலிய அறிஞரின் நட்பு அவருக்கு வாய்த்தது.

அக்கால வைத்தியம் சொற்களால் நடந்த வைத்தியம். நோயாளியின் உடலைத் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் கடுமை என்பார்கள். நாடியைப் பிடித்து விரைவு என்பார்கள். நேற்றையிலும் எவ்வளவு கடுமை, எவ்வளவு விரைவு என்று கேட்டால் விடையில்லை. வைத்தியனின் ஞாபகமே அளவுகோல். ஞாபகமோ தனக்கு வேண்டியதையே சொல்லும் சாட்சி. சந்தோரியோவுக்கு இக்குறை உறுத்திக்கொண்டிருந்தது. வைத்தியத் தொழிலில் நேரும் பிழைகளைத் தவிர்க்கும் வழிகளைப் பற்றியே அவர் தமது முதற் பெருநூலை எழுதினார் என்பதிலிருந்து அவருடைய மனப்போக்கு விளங்கும். நூலில் ஈயக்குண்டைக் கட்டி ஊசலாக ஆட்டி, அதன் ஆட்டம் நோயாளியின் நாடியோடு ஒத்துவரும்வரை நூலைக் கூட்டியும் குறைத்தும், அந்நூலின் நீளத்தையே நாடியின் அளவாகக் குறித்துக்கொண்டார். காற்றின் விரிவைக் காட்டிய கண்ணாடிக்குழாயில் அளவுக்கோடுகள் இட்டுக் காய்ச்சலை அளந்தார். இக்கருவிகளை அவர் ஒருவரை இன்னொருவரோடு ஒப்பிடுவதற்காகச் செய்யவில்லை. அதே நோயாளியின் நேற்றையும் இன்றையும் பக்கத்திற் பக்கமாக வைப்பதே அவர் நோக்கம்.

இவை யாவற்றிலும் புகழ்பெற்றது அவருடைய நாற்காலி. நீண்ட கோலுடைய பெருந்தராசு ஒன்றை அறைக்கு மேலே மறைவாக அமைத்து, அதன் ஒரு முனையில் நாற்காலியைத் தொங்கவிட்டார். மறைத்ததற்கு அழகு ஒரு காரணம். புதுமை எதைக் கண்டாலும் நகைக்கும் மனிதர் மற்றொரு காரணம். நாற்காலி தரைக்கு ஒரு விரற்கடை மேலே நிற்கும். அதில் அமர்ந்து உண்பார். குறித்த அளவு உணவு வயிற்றுட் சென்றதும் நாற்காலி சற்றே தாழும்; உண்டது போதும் என்பதற்கு அதுவே அடையாளம். நாற்காலியே எழுந்திரு என்று பணித்தால் மறுப்பதெப்படி? என் வீட்டில் அப்படியொன்று இருந்திருந்தால் அந்த மத்தியான விருந்து நடந்திராது.

உண்டதையும் குடித்ததையும் நிறுத்தார், மலசலத்தையும் நிறுத்தார், தம்மையும் நிறுத்தார். ஏறத்தாழ முப்பதாண்டுகள் இவ்வாறு செய்தார் என்பர். ஒரு நாளில் எட்டு இராத்தல் உணவும் பானமும் உட்சென்றால், அதில் ஐந்து இராத்தல் அளவு கண்ணுக்குப் புலப்படாமலே தோலின் வழியாகவும் மூச்சின் வழியாகவும் வெளியேறுகிறது என்று கண்டார். 1614 இல் இம்முடிவுகளைச் சிறு சிறு சூத்திரங்களாக வெளியிட்டார். காற்று, உணவு, உறக்கம், உழைப்பு யாவும் நிறையை எவ்வாறு மாற்றுகின்றன என்று அந்நூல் பேசுகிறது. கோபமும் மகிழ்ச்சியும் உடலை இலேசாக்கும், அச்சமும் துக்கமும் கனமாக்கும் என்றுகூட அவர் கருதினார். இதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அன்று காலை எனக்கு வந்த கோபம் ஒரு கிராமையும் குறைக்கவில்லை.

இப்புலப்படா ஆவியை நானும் ஒருமுறை பரிசோதித்துப் பார்த்தேன். படுக்கைக்குப் போகுமுன் நிறுத்து, விடியற்காலையில் மலசலம் கழிக்குமுன் மறுபடி நிறுத்தேன். ஏறக்குறைய 400 கிராம் காணாமற் போயிருந்தது. உறங்கியதைத் தவிர நான் செய்தது ஒன்றுமில்லை!

அதன் பின்னரே என் ஒரு கிலோ எங்கிருந்து வந்தது என்று ஆராயத் தலைப்பட்டேன். முதனாள் இரவு கருவாட்டுக் கறி உண்டிருந்தேன். உப்பு உடலில் நீரைத் தேக்கிவைக்கும். குடிக்கும் கால் லீற்றர் தண்ணீர் அக்கணமே கால் கிலோவாகிவிடும். குளியலறைத் தரையோ நீர் வடிவதற்காகச் சாய்வாக அமைந்தது. கருவியின் நான்கு கால்களும் அங்கே சமமாகப் பதியவில்லை. கால் துடைக்கும் விரிப்பின் மேல் வைத்தால் இன்னொரு கணக்கு. இவற்றுக்கெதிரே கொழுப்புக் கரையும் வேகத்தைப் பாருங்கள். ஒரு கிலோ உடற்கொழுப்பு ஏறத்தாழ 7,700 கலோரிச் சக்தியுடையது. நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்து உண்பவனுக்கு ஒரு நாளிற் கரைவது 65 கிராம் மட்டுமே. என் கருவி காட்டும் மிகச் சிறிய படியோ 100 கிராம். ஒரு நாட் பட்டினியின் பலனை மறுநாட் காலையிலே தேடியது என் பேதைமை. தராசின் மேற் பிழை சொல்ல நியாயமில்லை.

கருவியைப் படுக்கையறைச் சீமெந்துத் தரைக்கு மாற்றினேன். காலைக்கடன் முடித்து, தேநீர் அருந்துமுன், அதே சாரத்துடன் ஏறி நிற்பேன். பழைய அப்பியாசக் கொப்பியொன்றிற் குறிப்பேன். குறித்ததைப் பற்றி அன்று சிந்திப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை ஏழு எண்களையும் கூட்டி ஏழால் வகுத்துச் சென்ற வாரத்தின் சராசரியோடு ஒப்பிடுவேன். தனிநாட்கள் ஏறியும் இறங்கியும் கூத்தாடின. சராசரியோ பன்னிரண்டு வாரங்களில் நான்கு கிலோ இறங்கியது. முதல் வாரத்தின் பெரிய இறக்கத்திற் பெரும்பகுதி நீரென்பதையும் பின்னர் அறிந்துகொண்டேன்.

சந்தோரியோவிடம் குறையில்லை என்று சொல்லமாட்டேன். ஆவி உள்ளே தடைப்படுவதால் நோய் பிறக்கிறது என்ற அவரது கொள்கை பழைய கலென் வைத்தியத்தின் தொடர்ச்சியே, அது நிலைக்கவில்லை. தோலும் நுரையீரலும் தனித்தனியே எவ்வளவு இழக்கின்றன என்பதை லவோசியரும் செகேனும் 1790 ஐ ஒட்டிய ஆண்டுகளிலே அளந்தார்கள். இதனிலும் பெருங்குறை வேறொன்று. இத்தனை ஆண்டுகள் நிறுத்தவர் தம் நாளாந்தக் கணக்குகளை நூலில் வெளியிடவில்லை. முடிவுகளைத் தந்தார், எண்களைத் தரவில்லை. எந்நாளில் நாற்காலி ஏறியது, எந்நாளில் அவரும் மனம் சலித்தார் என்பதை அறிய நமக்கு வழியில்லை.

1611 இல் பாதுவாவிற் பேராசிரியரானவர், 1624 இல் அப்பதவியைத் துறந்து வெனிஸுக்குத் திரும்பி, 1636 இல் அங்கேயே காலமானார். மணம் செய்துகொள்ளவில்லை. அந்த நாற்காலியின் சித்திரம் மட்டும் இன்றும் புத்தகங்களில் அச்சாகி வருகிறது: மேலேயிருந்து தொங்கும் ஆசனம், எதிரே உணவு பரப்பிய மேசை, தரையைத் தொடாமல் தனியே அமர்ந்திருக்கும் ஒரு மனிதர். அதன் பிரதியொன்றை அப்பியாசக் கொப்பியின் முதற்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். இன்னும் இரண்டு கிலோ இருக்கிறது.