எண் சொல்லும் கதை



எங்க அப்பா லாரிப் பட்டறையில் வேலை பார்ப்பவர். எஞ்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லிவிடுவார். எண்கள் தெரியும், நடுவில் வரும் இங்கிலீஷ் எழுத்துதான் தெரியாது. ஆர்.சி. புக்கோடு ஒத்துப் பார்க்க எஞ்ஜின் நம்பர் வேண்டுமென்றால், அழுக்கைத் துடைத்து, மேலே தாளை வைத்துப் பென்சிலால் தேய்ப்பார். பட்டறையில் யாரிடமும் கேட்கக் கூச்சம். அந்தத் தாளை ராத்திரி வீட்டுக்குக் கொண்டு வந்து என்னிடம் நீட்டுவார். நான்தான் படித்துச் சொல்லணும்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவன் நான். நம் நூலகத்தில் ஹென்றி ஃபோர்டின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு அந்தப் பென்சில் தாள்தான் ஞாபகம் வந்தது.

1863 ஜூலை 30-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தார் ஃபோர்டு. மகன் நிலத்தைப் பார்க்கணும் என்பது தந்தையின் ஆசை. மகனுக்கோ இயந்திரத்தின் மேல் கண்! கிராமப் பள்ளிப் படிப்போடு, 1879-இல் டெட்ராய்ட் நகருக்குப் போய்ப் பட்டறையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். ராத்திரியில் கடிகாரம் பழுது பார்த்துக் காசு சேர்த்தார். பின்பு எடிசன் மின் கம்பெனியில் என்ஜினீயர் ஆனார். 1896 ஜூனில் தன் முதல் வண்டியைச் செய்து முடித்தார். கொட்டகை வாசலில் வண்டி நுழையவில்லை. செங்கல் சுவரை இடித்துத்தான் வெளியே எடுத்தாராம்! தொடங்கிய முதல் கம்பெனி மூடப்பட்டது. இரண்டாவதை விட்டு அவரே விலகினார். மூன்றாவதாக 1903-இல் பிறந்ததுதான் ஃபோர்டு மோட்டார் கம்பெனி.

1908-இல் வந்தது புகழ்பெற்ற 'டி' மாடல். நான்கு சிலிண்டர், 20 குதிரைத்திறன். 1913-இல் ஓடும் வரிசையில் வைத்துப் பூட்டும் முறை வந்தது. பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த சேசிஸ் வேலை 93 நிமிடத்தில் முடிந்தது. 850 டாலர் கார் 1920-களில் 260 டாலருக்கு வந்துவிட்டது.

இனி நம்பருக்கு வருவோம். 'டி' மாடலில் பெரும்பாலான ஆண்டுகளில் சேசிஸுக்கென்று தனி எண் கிடையாது. எஞ்ஜின் எண்தான் கார் எண். பிளாக்கின் இடப்பக்கம், தண்ணீர் உள்ளே போகும் வாய்க்கு மேலே அது குத்தப்பட்டிருக்கும். 1-இல் தொடங்கி ஏறிக்கொண்டே போனதால், எண்ணைப் பார்த்தே எஞ்ஜின் பிறந்த காலத்தைச் சொல்லலாம். ஒரு கோடியை ஒட்டிய எண் என்றால் அது 1924-ஆம் ஆண்டு எஞ்ஜின்.

ஆனால் எண்ணை மட்டும் நம்பக் கூடாது! முதல் 2500 எஞ்ஜின்கள் வாக்கில் தண்ணீர் பம்பு உண்டு. பிறகு அதை எடுத்துவிட்டார்கள்; சூடான தண்ணீர் தானாகவே மேலேறிச் சுற்றியது. எனவே சிறிய எண் இருந்து பம்புக்கு இடமே இல்லையென்றால் சந்தேகப்படணும். பல பிளாக்குகளில் வார்ப்புத் தேதியும் இருக்கும். அந்தத் தேதி எண்ணுக்குரிய காலத்துக்குப் பின்னால் இருந்தால், யாரோ எண்ணை மாற்றிக் குத்தியிருக்கிறார்கள். எஞ்ஜின் மாற்றிய கார்களும் உண்டு. எண் சொல்வது எஞ்ஜினின் வயதை, காரின் வயதை அல்ல.

1927 மே 26-இல் ஒன்றரைக் கோடியாவது கார் வெளிவந்தது. அந்த எண்ணில் 8 இலக்கங்கள். கம்பெனியின் மிகப் பழைய தொழிலாளர்கள் 8 பேர் ஆளுக்கு ஓர் இலக்கம் குத்தினார்கள். படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆனால் மறுபக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். 1914-இல் நாளுக்கு 5 டாலர் கூலி கொடுத்து உலகையே வியக்க வைத்தவர், அந்தக் கூலிக்குத் தகுதியா என்று பார்க்கத் தொழிலாளி வீட்டுக்கே ஆள் அனுப்பினார். தன் பத்திரிகையில் யூதர்கள் மேல் வெறுப்பை வளர்த்து, 1927-இல் மன்னிப்புக் கேட்டார். சரியாகப் பத்தாண்டு கழித்து, 1937 மே 26-இல், சங்கத் துண்டறிக்கை கொடுக்க வந்தவர்களைக் கம்பெனி ஆட்கள் அடித்து உதைத்தார்கள். வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, 1941-இல்தான் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டார். ஒவ்வொரு எஞ்ஜினுக்கும் அடையாளம் கொடுத்த மனிதர், அதைச் செய்த கைகளை ஏற்க அத்தனை காலம் எடுத்துக்கொண்டார்!

1947 ஏப்ரல் 7 அன்று வெள்ளத்தால் வீட்டில் மின்சாரம் இல்லை. மெழுகுவத்தி, எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் அவர் உயிர் பிரிந்தது.

முதல் செமஸ்டர் ஹால் டிக்கெட் வந்த அன்று, என் பதிவெண்ணை அப்பா விரலால் தடவிப் பார்த்தார். எஞ்ஜின் நம்பரைத் தடவுவது போலவே இருந்தது. இப்போது இங்கிலீஷ் எழுத்துகளை அவருக்கு ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுக்கிறேன். 'கே' வரை வந்தாச்சு.

நண்பர்களே, நாளை நாம் தொழிற்சாலைகளில் சூப்பர்வைசர்களாக நிற்போம். எண்ணைப் படிக்கும்போது, அதைக் குத்திய கையையும் நினைப்போம்!

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை