பதினோரு ஆண்டு கழித்து வந்த வீரர்

இத்தாலி நாட்டின் டுகாட்டி நிறுவனம் 1979-ஆம் ஆண்டு சிவப்பும் பச்சையும் பூசிய ஒரு மோட்டார் சைக்கிளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் என்ன தெரியுமா, குழந்தைகளே? ‘மைக் ஹெய்ல்வுட் ரெப்ளிகா’. ரெப்ளிகா என்றால் நகல். ஒரு வீரர் ஓட்டிய வண்டியைப் போலவே செய்து, அவர் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார்கள்! யார் அந்த மைக்?

இங்கிலாந்தில், ஆக்ஸ்போர்டுஷயர் பகுதியிலுள்ள கிரேட் மில்டனில் 1940 ஏப்ரல் 2-ஆம் தேதி பிறந்தார் மைக் ஹெய்ல்வுட். தந்தை வசதியான மோட்டார் சைக்கிள் வியாபாரி. மகனுக்கு நல்ல வண்டிகளாக வாங்கித் தந்தார். வண்டியை வாங்கலாம்; அதை வளைவில் சாய்த்துத் திருப்பும் திறமையைக் கடையில் வாங்க முடியுமா? அது மைக்கிடமே இருந்தது. 17 வயதில் முதல் பந்தயம். 1961-இல் முதல் உலகப் பட்டம். 1967-க்குள் ஒன்பது பட்டங்கள்! ரசிகர்கள் அவரை ‘மைக் தி பைக்’ என்றே செல்லமாக அழைத்தார்கள்.

பிறகு கார் பந்தயத்துக்குப் போனார். 1973-இல் தென்னாப்பிரிக்காவின் கியாலமி மைதானத்தில் அவருடைய காரும் ரெகஸோனி என்ற வீரரின் காரும் மோதிக்கொண்டன. ரெகஸோனியின் கார் தீப்பற்றியது. அவரோ உள்ளே சிக்கிக்கொண்டார். மைக் ஓடிப்போய் அவரை இழுத்தார். மைக்கின் உடையிலும் தீ! அதை அணைத்ததும் தப்பித்தோம் என்று ஒதுங்கினாரா? இல்லை. மறுபடியும் நெருப்புக்குள் கைவிட்டு ரெகஸோனியை வெளியே கொண்டுவந்தார். அந்த வீரத்துக்காக பிரிட்டன் அவருக்கு ஜார்ஜ் பதக்கம் வழங்கியது.

மறு ஆண்டு ஜெர்மனியில் நடந்த விபத்தில் மைக்கின் கால் மோசமாக நொறுங்கியது. பந்தயத்தை விட்டுவிட்டு நியூசிலாந்தில் குடியேறினார்.

ஆனால் மனம் கேட்கவில்லை. 1978-இல், 38 வயதில், மேன் தீவுக்கு வந்தார். அங்கே கடைசியாக அவர் போட்டியிட்டது 1967-இல்! அது தனி மைதானம் அல்ல. மக்கள் நடமாடும் சாதாரணச் சாலைதான். ஒரு சுற்று 60 கிலோமீட்டர். இருநூறுக்கும் மேற்பட்ட வளைவுகள். ஓரத்தில் வீடுகள், கற்சுவர்கள். கொஞ்சம் தவறினால் உயிருக்கே ஆபத்து. தோற்றால் பழைய புகழும் போகும்.

மைக்குக்குக் கிடைத்தது இரண்டு சிலிண்டர் டுகாட்டி. எதிரியோ, பல முறை உலகப் பட்டம் வென்ற பில் ரீட். ஹோண்டா வண்டியில் வந்தார். அங்கே வீரர்களை இடைவெளிவிட்டு அனுப்பி, நேரத்தைக் கணக்கிட்டே வெற்றியை முடிவு செய்வார்கள். ரீட் முன்னால் கிளம்பினார். மைக் சுற்றுக்குச் சுற்று நெருங்கி, சாலையிலேயே அவரைப் பிடித்துவிட்டார்! பிறகு ரீட்டின் வண்டி பழுதாகி நின்றது. ஆறு சுற்றுகளையும் மணிக்குச் சராசரியாக 174 கிலோமீட்டர் வேகத்தில் முடித்து வென்றார் மைக். அது அவருக்குப் பத்தாவது உலகப் பட்டம். அந்த வெற்றியால்தான் பிறந்தது, சிவப்பு பச்சை வண்டி.

1979-இல் சுசுகி வண்டியில் மேன் தீவில் இன்னொரு வெற்றி. அத்துடன் ஓய்வு.

1981 மார்ச் 21. இரவு உணவு வாங்க மகளையும் மகனையும் காரில் அழைத்துச் சென்றார் மைக். சாலையில் குறுக்கே திரும்பிய லாரி மீது கார் மோதியது. மகள் அங்கேயே இறந்துபோனாள். இரண்டு நாள் கழித்து மைக்கும் காலமானார். வயது 40. மகன் மட்டும் பிழைத்தான்.

அதன் பிறகும் சில ஆண்டுகள் டுகாட்டி நிறுவனம் அந்த வண்டியைச் செய்துவந்தது, அதே மைக் ஹெய்ல்வுட் பெயரோடு.